காலிதீன் சேரின் ஒற்றுமைப் பயிற்சி

ஒன்றாக இருப்பவர்களைப் பிடித்து ஒன்றாக்கியே தீருவேன் என்று நிற்கும் ஓர் இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கந்தோர், சங்கம், நிர்வாக சபை என்று நாலு பேர் கூடுகிற எந்த இடத்திலும் இந்த இனம் முளைக்கும். அடையாளம் சுலபம். “நாமெல்லாம் ஒரு குடும்பம்” என்று தொடங்குவார். தொடங்கிய கையோடு அந்தக் குடும்பத்தை இரண்டு அணியாகப் பிரிப்பார். இவருக்கு ஒற்றுமைக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

கல்முனைக்கு வாய்த்த ஒற்றுமைக்காரர் காலிதீன் சேர். எண்பத்தோராம் ஆண்டு நெல் கொள்வனவுக் கந்தோர் ஒன்றுக்கு மனேஜராக வந்தவர். சொந்த ஊர் பொத்துவில். வந்து கொஞ்ச நாள் எல்லாரையும் போல நல்ல மனிதராகத்தான் இருந்தார். பிறகு கொழும்பில் நடந்த பயிற்சி ஒன்றுக்கு அவரை அனுப்பினார்கள். வந்தது வினை.

அதுவரை அந்தக் கந்தோர் எப்படி இருந்தது என்கிறீர்களா? வெள்ளிக்கிழமை கிளாக்கர் மசூர் ஜும்ஆவுக்குப் போனால் அவருடைய மேசையைக் களஞ்சியப் பொறுப்பாளர் அருளம்பலம் பார்த்துக்கொள்வார். அருளம்பலம் கோயில் திருவிழாவுக்கு லீவில் நின்றால் களஞ்சியத்தின் பூட்டுத் திறப்பு மசூரின் இடுப்பில் தொங்கும். டைப்பிஸ்ட் முனவ்வறா வீட்டிலிருந்து ஏதாவது பலகாரம் கொண்டுவந்தால், தேத்தண்ணி நேரத்தில் எழுகிற சிரிப்பு தெருவில் போகிறவனையும் திரும்பிப் பார்க்க வைக்கும். அந்தச் சிரிப்புத்தான் சேரை உறுத்தியது. யாரைக் கேட்டுச் சிரிக்கிறார்கள்? எந்தத் திட்டத்தின் கீழ்?

தேத்தண்ணி நேரம் ஒழிந்தது. ஒற்றுமை நேரம் பிறந்தது.

முதலாவது, எல்லாரும் கைகோத்து வட்டமாக நிற்க வேண்டும். ஆணும் பெண்ணும் கைகோப்பதா? முனவ்வறா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கோடு போடும் அடிமட்டத்தின் ஒரு நுனியை நீட்டினாள். மறு நுனியை மசூர் பிடித்துக்கொண்டார். வட்டம் நிறைந்தது என்று சேர் பூரித்தார். இரண்டாவது, நம்பிக்கைப் பயிற்சி. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாக விழ, மற்றவர் தாங்க வேண்டும். அருளம்பலம் இரண்டு நெல்மூடைக்குச் சமமான மனிதர். விழுந்தார். தாங்க நின்ற மசூரும் விழுந்தார், அவருக்குக் கீழே.

மூன்றாவதுதான் கொடுமை. ஒருவருடைய குறையை மற்றவர் அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். என்னத்தச் சொல்ற, நல்ல மனிசன் என்று மசூர் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். சேர் விடவில்லை. “கொஞ்சம் பாரம் கூட,” என்றார் மசூர், இடுப்பைத் தடவிக்கொண்டு. அருளம்பலத்தின் முகம் சுருங்கியது. மசூர் பாட்டுப் படிக்கும்போது களஞ்சியத்து எலியே ஓடிவிடுகிறது என்று அவரும் சொல்லிவிட்டார். அன்று பின்னேரம், வருஷக்கணக்காக அருகருகே போன இரண்டு சைக்கிள்கள் வெவ்வேறு தெருவால் போயின.

ஆனால் நண்பர்களே, ஒற்றுமைக்காரருக்கும் ஒரு நெஞ்சு இருக்கிறது. அதற்குள்ளும் கண்ணீர் இருக்கிறது. நாலாவதாக மனம் திறக்கும் பயிற்சி வந்தபோது ஒருவரும் மனம் திறக்காததால், சேர் தன்னுடையதைத் திறந்தார். மனைவி ஹாஜறா பொத்துவிலில் தனியே கிடந்து நான்கு பிள்ளைகளோடு அல்லாடுவதையும், தலைமைக் கந்தோர்ப் பெரியவர் வந்து பார்த்து, இந்தக் கிளையில் ஒற்றுமை தெரிந்தால் தன்னைப் பொத்துவிலுக்கு மாற்றுவதாக வாக்குக் கொடுத்திருப்பதையும் சொல்லிக்கொண்டு வந்தவர், கடைசியில் உடைந்தே போனார்.

“கடைசி மகள் என்னை மாமா என்டு கூப்பிடுறாள்,” என்றார்.

முனவ்வறா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். அன்று சைக்கிள் கொட்டிலடியில் மூன்று பேரும் கூடினார்கள்.

“பாவம் மனிசன். என்ன செய்தாவது ஊருக்கு அனுப்பி வைக்கணும்,” என்றாள் முனவ்வறா.

“ஓம் தங்கச்சி. அவருக்கும் நல்லம், நமக்கும் நல்லம்,” என்றார் அருளம்பலம்.

மசூர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அண்ணன், நீங்க எத்தின தரம் விழுந்தாலும் நான் தாங்குறன்.”

பெரியவர் வந்தார். ஆஹா, அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வட்டம் பௌர்ணமி நிலவு போல நின்றது. அருளம்பலம் விழ, மசூரும் காவற்காரரும் பியோனும் ஓடிவந்து, பிறந்த குழந்தையை ஏந்துவது போல ஏந்தினார்கள். கடைசியாகக் கயிறிழுப்புப் போட்டி வைத்தால் ஓர் அணி மற்ற அணிக்கு விட்டுக்கொடுக்க, மற்றது இதற்கு விட்டுக்கொடுக்க, கயிறு அசையவேயில்லை. பெரியவரின் கண் கலங்கியது. இப்படியொரு மனேஜரைப் பொத்துவிலுக்கு அனுப்பி வீணாக்குவதா, இவர் இன்னும் ஐந்து வருஷம் இங்கேதான், மற்றக் கிளைக்காரரும் இங்கே வந்து பழகட்டும் என்று அந்த இடத்திலேயே அறிவித்தார்.

பழகிய பழக்கத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். தட்டி முடித்த பிறகுதான் விளங்கியது.

பெரியவரின் ஜீப் போன பிறகு காலிதீன் சேர் நெல்மூடை ஒன்றின் மேல் குந்திவிட்டார். “இவ்வளவு நல்லாச் செஞ்சிருக்கத் தேவல்ல மசூர்,” என்றார் மெல்ல. “யாராவது ஒராள் கொஞ்சம் பிழையா விழுந்திருக்கலாம்.”

“இனி மறுகா என்ன செய்யிற அண்ணன்?” என்று மசூர் அருளம்பலத்தைக் கேட்டார்.

அருளம்பலம் சேருக்குப் பக்கத்தில் குந்தினார். “சண்டை பிடிப்பம்,” என்றார்.

மறுநாள் தேத்தண்ணி நேரம் திரும்பி வந்தது. சண்டைக்குத் திட்டம் போட வேண்டாமா? யார் யாரோடு முறைப்பது, எந்த இடத்தில் மேசையில் குத்துவது என்று நாலு தலைகள் ஒன்றாகக் குனிந்தன. அருளம்பலத்தைப் பார்த்து எரிந்து விழும் கட்டத்தில் மசூருக்குச் சிரிப்பு வந்துவிடும். உடனே சேர் எழுந்து, “இப்பிடிக் கத்தணும்,” என்று கத்திக் காட்டி, தானே சிரித்துவிடுவார். அந்தக் கந்தோரில் அவர் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

பெரியவர் மற்றக் கிளைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று, வாசலிலேயே அவர் காதில் விழுந்த ஏச்சுக்களை இங்கே எழுத முடியாது. முனவ்வறாகூட ஒரு கோப்பையை உடைத்தாள். இந்த ஆளா ஒற்றுமையை வளர்த்தவர் என்று பெரியவர் பல்லைக் கடித்து, பொத்துவிலுக்கே போய்க் கிடக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டார்.

பஸ் வந்தபோது நால்வரும் உண்மையாகவே அழுதார்கள். இந்த முறை யாரும் முன்கூட்டிப் பழகியிருக்கவில்லை.

இதையெல்லாம் வாசித்து, எங்கள் கந்தோரிலும் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று சிரிக்கிறீர்கள் அல்லவா? சிரியுங்கள். ஆனால் நேற்று நீங்கள் ஏதோ ஒரு புதிய யோசனை சொன்னபோது, உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரித் தலையாட்டினார்களே, கவனித்தீர்களா? அவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் எதை வேண்டி நிற்கிறார்கள் என்று சும்மா ஒருக்கால் யோசித்துப் பாருங்கள்.