உடையப்பன் ஐயாவுக்கு ஓர் இலை

இதை எனக்கு முதலில் சொன்னது செல்லாச்சி அக்காவேதான். போன நவராத்திரியில், சிலிபின் கோயிலில் இருவரும் பூத் தொடுத்துக்கொண்டிருந்தபோது.

அவர் வீட்டுக்காரர் ஞானசேகரம் அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றவர். வேலைக்குத்தான் ஓய்வு, அதிகாரத்துக்கு இல்லை. தஞ்சோங் மாலிமில் இருக்கும் அக்காவின் அண்ணன் மகன் மதீசன் இணையத்தில் மளிகைக் கடை நடத்துகிறான். கடையின் மென்பொருள் முழுக்க இங்கிலீஷ். "தமிழ்ல மாத்தித் தாங்க மாமா" என்று கேட்டதுதான் தாமதம், தமிழையே தூக்கி நிறுத்தப் போகிறவர் மாதிரி மனிதர் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

டீ கொண்டுபோன அக்கா திரையை எட்டிப் பார்த்தார். பொருள் வாங்க அமுக்கும் பொத்தானில், 'விழைந்த பண்டத்தைக் கொள்கலனுள் இடுக'.

"என்னங்க இது? 'கூடையில் போடு'ன்னா போதாதா? தினம் போன்ல சாமான் வாங்குற எனக்கே புரியலை லா."

"அடுப்படிக்கு இதெல்லாம் புரியாது. டீயை வச்சிட்டுப் போ. நேத்து சீனி பத்தலை."

கல்யாணமான நாள் முதல் அக்கா சொன்ன எதற்கும் அந்த வாய் 'சரி' என்றதில்லை. சாமியிடம் அக்கா வேண்டிக்கொண்டதே அந்த ஒரு 'சரி'யைத்தான்.

மாமாவைத் திருத்த மதீசனுக்குப் பயம். அத்தையைப் பிடித்தான். "நீங்களே சரிபாருங்க அத்தை. உங்க திருத்தம் மாமா திரையில வரும். பேரை மட்டும் உடையப்பன்னு போட்டுவிடுறேன்."

அக்கா சமையற்கட்டில் இருந்தபடியே போனில் தட்டினார்: 'கூடையில் போடு என்றால் போதுமே.'

கூடத்தில் ஒரே கூச்சல். "செல்லாச்சி! இங்க வா! உடையப்பன் ஐயான்னு ஒருத்தர். என்ன அறிவு! பார்த்துக் கத்துக்க!"

"நான் சொன்னதும் அதுதானே?"

"நீ சொன்னது வேற, அவர் சொல்றது வேற."

பாதி வேலை முடிந்ததும் அந்த ஐயாவை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார் ஞானசேகரம். வருவதாக ஐயாவும் எழுதினார். வடை, பாயசம் என்று காலையிலிருந்து அடுப்பில் வெந்தது அக்காதான். ஞானசேகரம் பட்டு வேட்டியில் வாசல் கேட்டைப் பிடித்தபடி நின்றார். வெயில் உச்சிக்கு ஏறியது.

அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து விருந்தாளிக்குப் போட்டிருந்த இலையின் முன் உட்கார்ந்தார். ஞானசேகரம் உள்ளே ஓடிவந்தார்.

"எந்திரி! ஐயா வர்ற நேரம்!"

"வந்தாச்சு. 'உங்கள் வாக்கு எனக்கு வேதவாக்கு'ன்னு நீங்கதானே எனக்கு எழுதினீங்க? சோத்தைப் போடுங்க."

ஞானசேகரம் கரண்டியை எடுத்தார். சோற்றைப் போட்டார். தானும் ஒரு வடையை எடுத்துத் தின்றார். வடை நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை.

மறுநாள் மதீசனுக்குப் போன் பறந்தது. "டேய், பொம்பளை திருத்தி நான் எழுதணுமா? ஒரு ஆம்பளையைப் போடு."

"சரி மாமா."

இப்போது சுகுமாரன் ஐயா பார்க்கிறார். "அந்த உடையப்பன் மாதிரி இல்லை செல்லாச்சி. இவர்தான் புலவர்!" என்று நேற்றுகூடக் கூடத்தில் புகழ்ச்சி. அக்கா அடுப்படியில் அடுத்த திருத்தத்தைத் தட்டிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்து, டீக்குச் சீனி போட்டார்.

நீங்கள் சிலிபின் பக்கம் போனால் அக்கா வீட்டுக்குப் போங்கள். டீ கொடுப்பார். "நல்லாயிருக்கு, செல்லாச்சி அக்கா" என்று, அவர் பேரைச் சொல்லி, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.