ஆணியில் தொங்கிய போன்

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. நாத்தனாரின் இரண்டு பிள்ளைகளும் என் கைச்சோற்றில்தான் ஆளானார்கள். ஆறு பேரின் பிடிவாதத்தையும் ஒரு தட்டில் வைத்து, மறுதட்டில் ஊரார் ரேஞ்சண்ணன் என்று கூப்பிடுகிறவனை உட்கார வைத்தால் அவன் தட்டுதான் தரையைத் தொடும். அப்படி ஒரு பிடிவாதக்காரன் மட்டாஞ்சேரியில் இனி பிறக்கப்போவதில்லை.

கல்யாணங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் வாழையிலை போடுகிறவன் அவன். ஆர்டர் எல்லாம் போனில்தான். போன் அடிக்காவிட்டால் அவன் அடுப்பும் எரியாது. ஒரு போன் கம்பெனியில் பளபளவென்று ஒரு போனைக் கொடுத்து, இரண்டு வருஷம் எங்களை விட்டுப் போகக்கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வேறு சிம் போட்டால் அந்தப் போன் கண்ணே திறக்காது.

சிக்னலை இங்கே ரேஞ்ச் என்போம். அவன் வீட்டில் ரேஞ்ச் இல்லை. இலைக்கட்டு இறக்கும் பழைய பாண்டிகசாலைக் கிடங்கிலும் இல்லை, சுவர் ஒவ்வொன்றும் ஒரு முழம் கனம். போனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தான், அந்தப் பேரும் அப்படி வந்ததுதான். கடைசியில் ரேஞ்ச் கிடைத்த இடம் என் வீட்டு வெளிச்சுவர். அதுவும் ஜன்னல் பக்கத்தில் ஒரு சாண் அகலம்.

மறுநாளே ஆணி அடித்துவிட்டான்.

"யாரைக் கேட்டுடா அடிச்சே?"

"கோவிச்சுக்காதீங்க அக்கா. நீங்க எப்பவும் ஜன்னலோரம் பூ கட்டிட்டுத்தானே இருக்கீங்க? அடிச்சா எடுங்க, எத்தனை இலைன்னு மட்டும் கேளுங்க."

எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். போனில் பேசுகிறவர் அதுவரை பொறுப்பாரா? வாழைநாரில் முடிச்சுப் போட்டேன். நூறு இலைக்கு ஒரு முடிச்சு, சுண்டைக்காய் அளவில். போட்டு அதே ஆணியில் மாட்டிவிடுவேன். சாயங்காலம் வந்து எண்ணிக்கொண்டு, ஒரு சாயாவும் குடித்துவிட்டுப் போவான். ஒரு நாள்கூடத் தப்பியதில்லை.

தப்பியது ஆலுவா கல்யாணத்தில்தான். காலையில் ஆர்டர் வந்தது, நாரை மாட்டினேன். பூக்கட்டும் வேகத்தில் கை அந்த நாரையே உருவிவிட்டது. முல்லைப்பூ கட்டி, கொச்சங்காடி டீச்சருக்கு விற்றும் விட்டேன். விடிந்தால் கல்யாணம். ஐந்து முடிச்சா, ஏழு முடிச்சா? எனக்கு நினைவில்லை. திரும்பக் கேட்கலாம் என்றால் பெருமழை, என் சுவரிலும் ரேஞ்ச் இல்லை.

பேத்தி மீனு தன் போனை நீட்டினாள். "நம்பர் பறயூ மாமா, இதுல விளிக்கலாம்."

ரேஞ்சண்ணன் பின்னால் நகர்ந்தான். "ஒரு கம்பெனிக்கு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு, இன்னொரு கம்பெனில பேசச் சொல்றியா? நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல மோளே."

"இலை போகாட்டி ஆலுவாக்காரன் உன்னைத் தோலுரிப்பான்டா!" என்றேன்.

குடைகூட எடுக்காமல், அந்த நாரைத் தேடிக் கொச்சங்காடிக்கு ஓடினான். நான் பின்னாலேயே மூச்சிரைக்கப் போனேன். டீச்சர் வாசலில் நின்றிருந்தார். இவன் அவர் முதுகுப்பக்கம் போய்க் குனிந்து பார்த்தான்.

"எந்தா சேட்டா, என் தலையில எந்தா நோக்குறீங்க?"

"அனங்கல்லே டீச்சரே, அசையாதீங்க! உங்க தலையில ஒரு ஆலுவா கல்யாணம் இருக்கு."

டீச்சர் சிரித்த சிரிப்பில் பூச்சரமே கழன்றது. வால் பக்கம் முடிச்சுகளை எண்ணினோம். ஏழு. விடிவதற்குள் எழுநூறு இலையும் ஆலுவா போய்ச் சேர்ந்தது. அன்றைக்கே அவன் சபதம் போட்டான்: இரண்டு வருஷம் முடிகிற நாளில் கம்பெனியை மாற்றுவேன்.

அந்த நாள் போன வாரம் வந்தது. ஆணியைப் பிடுங்கத்தான் வருகிறான் என்று நானே சுத்தியலை எடுத்து ஜன்னலில் வைத்தேன். மனசு என்னவோ போலிருந்தது. அவன் வந்து, புதுப்போன் ஒன்றை அதே ஆணியில் மாட்டினான்.

"எந்தக் கம்பெனிடா?"

"அதேதான் அக்கா. இன்னும் ரெண்டு வருஷம்."

"பிராந்தா உனக்கு, பைத்தியக்காரா?"

"மத்த கம்பெனிக்கெல்லாம் எங்க வீட்டுக்குள்ளயே ரேஞ்ச் கிடைக்குமாம். அப்புறம் சாயங்காலம் நான் எங்க போறது?"

சாயாவில் அன்று சர்க்கரையைக் கொஞ்சம் கூடவே போட்டேன்.

மீனு, மலையாளம்தான் உனக்கு வெள்ளம்போல வரும், தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். பரவாயில்லை. நான் மெல்ல மெல்ல எழுதிவைத்த இதை முதலிலிருந்து வாசி. கொஞ்சம் உரக்க வாசி மோளே, அவன் ஜன்னலுக்கு வெளியேதான் நிற்கிறான்.