சஹனைச் சுற்றி ஒரு டியூபிள்

வீட்டிலிருந்து கணினி வேலை செய்கிறவனைக் கல்முனையில் யாரும் வேலை செய்கிறவனாகவே எடுப்பதில்லை. "சும்மாதானே இருக்கிறாய்" என்று தேங்காயைத் துருவத் தந்துவிடுவார்கள். அந்த ரோசத்தில்தான் நான் உலகப் புகழுக்கு ஆசைப்பட்டேன்.

பல நாட்டுக்காரர் சேர்ந்து வளர்க்கும் ஒரு கணினி மொழி. அதில் டியூபிள் என்று ஒன்று உண்டு. நாலைந்து விவரங்களை ஓர் அடைப்புக்குறிக்குள் வரிசையாக வைப்பது. எதற்கும் பேர் கிடையாது. முதலாவது, இரண்டாவது என்று இடத்தைச் சொல்லித்தான் எடுக்க வேண்டும். வரிசை மறந்தால் கதை கந்தல். 'ஒவ்வொன்றுக்கும் அங்கேயே பேர் வைக்க விடுங்கள்' என்று எழுதிக் கேட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை வீடியோவில் வந்து விளக்கச் சொன்னார்கள்.

அதே வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பெண் வீட்டார் வருகிறார்கள், என்னைப் பார்க்க. (எங்கள் பக்கம் அவர்கள்தான் மாப்பிள்ளை தேடி வருவார்கள்.) பெண் நஸ்ரினின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தச் சம்பந்தம் தவறக்கூடாதே என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருந்தேன். வீடியோக் கூட்டம் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு என்றுதான் நினைத்திருந்தேன். நேர வித்தியாசத்தைப் பிழையாகக் கூட்டிய மடையன் நான். சாப்பாடு வைக்கும் நேரத்தில் அழைப்பு வந்துவிட்டது.

கூடத்தில் சஹன் வைத்தாயிற்று. ஒரே பெரிய தட்டு, சுற்றிவர வந்தவர்கள் ஐந்து பேர், ஆறாவது இடம் எனக்கு. எல்லாரும் உட்கார்ந்து பிஸ்மி சொல்லாமல் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

"மகன், எல்லாரும் கை கழுவிட்டு இருக்காங்க!" என்றா உம்மா.

"ஓம் உம்மா, ரெண்டு நிமிஷம்!"

திரையில் ஒருவர், "இது யாருக்குத் தேவை?" என்று கேட்டுவிட்டார். எனக்குச் சூடேறியது. லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடி, கெமராவைச் சஹன் பக்கம் திருப்பினேன்.

"பாருங்கள், இவர்களுக்குப் பேர் இல்லை என்று வையுங்கள்," என்று ஆங்கிலத்தில் முழங்கினேன். "முதலாவது தாடி. இரண்டாவது தொப்பை. தாடி எழும்பிப் போனால் எல்லாரும் ஓரிடம் நகர்வார்கள். தாடிக்கு வைத்த கோழிக்காலைத் தொப்பை தின்றுவிடும்!"

ஆங்கிலம் யாருக்கு விளங்கப்போகிறது என்ற தைரியம்தான். தொப்பைக்காரர் பெண்ணின் வாப்பா. கட்டாரில் பல வருஷம் கம்பனி நடத்திய மனுஷன் என்பது எனக்குத் தெரியாது. கெமராப் பக்கம் குனிந்து, என்னைவிட நல்ல ஆங்கிலத்தில் சொன்னார்: "ஐயாமாரே, இந்தத் தொப்பைக்குப் பசிக்கிறது. இந்தத் தம்பி கேட்பதைக் கொடுத்துவிடுங்கள், நாங்கள் சாப்பிட வேண்டும்."

கடலுக்கு அப்பால் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "யா அல்லாஹ், மானம் போச்சே!" என்று உம்மா தலையில் கை வைத்தா. நான் ஒரு பருக்கை விழுங்கவில்லை.

கணினிக்காரர்கள் என் யோசனையை மரியாதையாகத் தள்ளிவிட்டார்கள். பெண் வீட்டுப் பதிலும் அப்படித்தான் வரும் என்று போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். ஆனால் பெண்ணின் வாப்பா வீட்டில் போய் நடந்ததை நடித்தே காட்டியிருக்கிறார். நஸ்ரின் வயிறு நோகச் சிரித்துவிட்டு, "இந்தாள்தான் வேணும் வாப்பா" என்றாளாம்.

இப்போது நான் அவர்கள் வீட்டு மருமகன். விருந்துக்கு விருந்து, சபை நிறைய ஆள் இருக்கும்போது பார்த்து, சஹனில் கை வைக்கும் முன் மாமா என் பக்கம் திரும்புவார்:

"மருமகன், வெளிநாட்டாக்களுக்கு விளக்கம் சொல்லி முடிஞ்சா, நாங்க பிஸ்மி சொல்லுவமா?"