இரண்டு புள்ளி போதும்

மதிப்புக்குரிய ஆசிரியர் ஹால்வார்ட் அவர்களுக்கு,

நூலகத்தில் வேலை பார்க்கும் குன்வோர் எழுதுவது. இங்கு நலம், நீங்களும் உங்கள் இடது முழங்காலும் நலமாக இருக்க வேண்டும். இருபது வருடங்களில் உங்கள் பத்திரிகைக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது.

வியாழக்கிழமை இதழில், என் தம்பி எல்டார் எடுத்த ‘ரெண்டு தொப்பி, ஒரு கார்’ படத்துக்கு, நீங்கள் மதிப்பெண்ணாக அச்சிடும் பகடையில் ஆறுக்கு ஒரே ஒரு புள்ளி போட்டிருக்கிறீர்கள். ஆறு கேட்க நான் வரவில்லை; படத்தைப் பார்த்தவள் நான். மூன்று கேட்கவும் மனசாட்சி இடம் தரவில்லை. இரண்டு போடுங்கள், போதும். அந்த ஒற்றைப் புள்ளியைப் பார்த்த நிமிடமே அவன் படகுக் கொட்டகைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். சனிக்கிழமைக் காட்சியை ரத்து செய்யச் சொல்கிறான். இனி கேமராவைத் தொடவே மாட்டானாம்.

“துரத்துகிற காரும் தப்பிக்கிற காரும் ஒழுங்காக இண்டிகேட்டர் போட்டுத் திரும்பும் ஒரே சண்டைப்படம்” என்று எழுதியிருக்கிறார் உங்கள் விமரிசகர். எல்டார் கார் ஓட்டக் கற்றுத்தரும் வாத்தியார், ஐயா. ஊரில் பாதிப் பேர் அவனிடம் படித்தவர்கள். தப்பான உதாரணம் காட்டலாமா? அப்புறம் அந்த ஃபெர்ரி காட்சி. படகுத்துறை வரிசையில் வில்லன் முன்னால், ஒஸ்லோ போலீஸும் உள்ளூர் போலீஸும் ஒரே காரில் பின்னால், இருபது நிமிடம் நிற்கிறார்கள், ஒஸ்லோ போலீஸ் இறங்கிப்போய் வில்லனுக்கும் சேர்த்து வாஃபிள் வாங்கிவருகிறார், அங்கேயே பிடித்திருக்கலாமே என்கிறார் விமரிசகர். பிடிச்சா அவன் காரை யார் படகுல ஏத்துறது? பின்னாடி நாப்பது வண்டி நிக்குதே!

தப்பு என் மேலும் உண்டு. புதன்கிழமை முதல் காட்சி, உள்ளூர் போலீஸாக நடித்த பிளம்பர் கொல்பியோர்ன் நண்பன் மடியில் உயிரை விடுகிறார், உருக்கமான கட்டம், பின்வரிசையிலிருந்து அஸ்லாவ்க் அக்கா கத்தினாள்: “டேய் கொல்பியோர்ன், என் குழாய மாட்டிட்டுச் சாவுடா!”

முன்வரிசையில் படம் பார்த்துக்கொண்டிருந்த பிணம் திரும்பிப் பார்த்தது. “செவ்வாக்கெழம வரேன்னேன்ல!”

“எந்த வருஷத்துச் செவ்வா?”

அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். கைக்குட்டையால் வாயை மூடுவதற்குள் எல்டார் பார்த்துவிட்டான். நாலு வருஷ உழைப்பு, ஐயா.

இன்று காலை கொட்டகைக் கதவைத் தட்டினேன்.

“மீன் சூப் கொண்டாந்திருக்கேன்டா.”

“எத்தன புள்ளி குடுப்ப?”

“சூப்புக்கா?”

“படத்துக்கு, அக்கா.”

ஒரு கணம்தான் தயங்கினேன்.

“பாத்தியா, யோசிக்கிற!”

சூப்பை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன். ஆகவே, பகடை உருண்டபோது மேசை ஆடிவிட்டது என்று நாளை ஒரு சின்னத் திருத்தம் போட்டால் அவன் வெளியே வருவான். உங்கள் வீட்டாருக்கும் அச்சகத்தாருக்கும், முகம் சுளிக்காமல் விமரிசகருக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
குன்வோர்

பி.கு.: உறை ஒட்டும் நேரத்தில் தியேட்டரில் டிக்கெட் கொடுக்கும் தூரா போனில் கூப்பிட்டாள். “சனிக்கெழம ஒரு சீட்டும் இல்லடி! தீவுக்காரங்க எல்லாம் ‘அந்த ஒத்தப் புள்ளிப் படம்’னு கேட்டுக் கேட்டு வாங்குறாங்க. ஃபெர்ரிக்கே இப்பவே வரிசையாம்!” கொட்டகைக்கு ஓடினேன். தாழ்ப்பாள் திறந்தது. எல்டார் காலி சூப் கிண்ணத்தோடு நின்றான். “அக்கா, ரெண்டு கிண்டு வாங்கித் தொலைச்சிடாத. ரெண்டுன்னா அது சும்மா மோசமான படம்.” எனவே மேலே உள்ளதைக் கிழித்துவிடவும். உங்கள் பகடையில் புள்ளியே இல்லாத பக்கம் ஏதாவது இருந்தால், சனிக்கிழமைக்குள் அதைப் போடவும்.