நூற்றி எண்பத்தாறு ஆர்ச்

ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். வெல்டிங் மட்டும்தான் தெரியும். அதை வைத்தே அம்பத்தூரில் ஒரு பட்டறை, ஆவடியில் இன்னொன்று, முகப்பேரில் மாடி வீடு, மகளுக்கு இன்ஜினியர் பட்டம் எல்லாம் கொண்டுவந்தேன். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை பள்ளிக்கூட வாசல்களில் பெயர்ப்பலகையோடு வளைந்து நிற்கும் இரும்பு ஆர்ச்சுகளில் பாதிக்கு மேல் என் கைவேலை. ஒன்றுகூடத் துருப்பிடித்ததில்லை. (என் மகளின் பிழைப்பைக் கெடுத்தது இந்தப் பெருமைதான்.)

மகள் ஸ்டெல்லா நல்ல வேலையில் இருந்துகொண்டே, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் ஒரு ஆப் தயாரித்தாள். தனியார் பள்ளிகளுக்கு விற்பதாகத் திட்டம். முதலீடு செய்ய வருகிறவர்கள், வாங்கக்கூடிய பள்ளிகள் இந்தப் பக்கம் எத்தனை என்றுதான் முதலில் கேட்பார்களாம். எண்ணுவதற்கு வெளியாட்களை வைக்கலாமா என்று யோசித்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இன்னாத்துக்குமா வெளியாளு? ஒவ்வொரு கேட்டும் எனக்குத் தெரியும். நான் எண்ணிக்கினு வரேன்."

மே மாத லீவு. எல்லாப் பள்ளியும் பூட்டித்தான் கிடந்தது. நான்கு நாள் ஸ்கூட்டரில் சுற்றினேன். ஆர்ச் தெரிந்தால் நோட்டில் ஒரு கோடு. வண்டியை விட்டு இறங்கவே இல்லை. மொத்தம் நூற்றி எண்பத்தாறு.

"உள்ள போய்ப் பார்த்தியாப்பா?" என்று கேட்டாள் ஸ்டெல்லா.

"ஆர்ச் கீதுல்லம்மா. பள்ளிக்கூடம் எங்க ஓடிடும்?"

நம்பினாள். மறுவாரமே வேலையை விட்டாள். கூட வேலை செய்த இரண்டு பேரும் அவளை நம்பித் தங்கள் வேலையை விட்டார்கள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் முதலீட்டாளர் வந்தார். மரியாதையான மனிதர். பட்டியலில் நான்கு பள்ளியை மட்டும் நேரில் பார்க்க வேண்டும் என்றார். வெள்ளைச் சட்டை போட்டு, வழிகாட்டியாக முன்சீட்டில் உட்கார்ந்தேன்.

வானகரத்தில் ஆர்ச்சுக்கு உள்ளே தண்ணீர் கேன் குடோன். அடுத்தது பிறந்தநாள் விழா நடத்தும் ஹால். மூன்றாவதில் பிள்ளைகள் இருந்தார்கள். எனக்கு மூச்சு வந்தது. நான்காவது சென்னீர்குப்பம். ஆர்ச் நேற்று அடித்ததுபோல் பளபளத்தது. உள்ளே முழங்கால் உயரத்துக்குப் புல். ஆபீஸ் அறையிலேயே குடியிருந்த பழைய ஹெட்மிஸ்ட்ரஸ் வெளியே வந்து என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஆர்ச்சைக் கழட்டிட்டுப் போக வந்தீங்களா மேஸ்திரி? பசங்க வந்து நாலு வருஷம் ஆச்சு."

முதலீட்டாளர் நோட்டை மூடினார். ஆர்ச்சைத் தடவிப் பார்த்து, "வேலை சுத்தம்" என்றார். திரும்பும்போது காரில், இளநீர் குடிக்கலாமா என்று கேட்டேன். ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதலீடு வரவில்லை. அந்த இரண்டு பேரும் போய்விட்டார்கள். அதில் ஒருத்தி இன்றுவரை ஸ்டெல்லாவிடம் பேசுவதில்லை. என் மகள் எட்டு மாதம் அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. பிறகு ஒருநாள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி, நூற்றி எண்பத்தாறு வாசலிலும் நுழைந்து பார்த்தாள். உயிரோடு இருந்தவை எழுபத்தொன்று. இப்போது பதினான்கு பள்ளிகளில் அவள் ஆப் ஓடுகிறது.

வீட்டில் நான் குக்கர் மூன்று விசில் விட்டது என்றால்கூட, என் மனைவி, "உள்ள போய்ப் பார்த்தியா?" என்கிறாள். பேத்திவரை பரவிவிட்டது.

போன மாதம் ஒரு கல்லூரி மேடையில் ஸ்டெல்லா பேசினாள். யார் சொன்ன எண்ணிக்கையையும் நம்பாதீர்கள், நீங்களே போய்ப் பாருங்கள் என்றாள். ஒரே கைதட்டல். அதை யாரால் கற்றுக்கொண்டாள் என்பதைப் பற்றி மூச்சே விடவில்லை. முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். அடுத்த மேடையில் என் பெயரைச் சொல்லியாக வேண்டும், ஆமாம், இனிஷியலோடு.