பால்மரத்துக்குப் போட்ட பவுடர்

கல்யாணப் படம் எடுக்கிறவனை நம்பி வேறு எந்தக் காரியத்தையும் ஒப்படைக்கக் கூடாது. நல்லதை மிகைப்படுத்துவான், கெட்டதை அழித்துவிடுவான். மலாக்கா பட்டணத்தில் பதினைந்து வருடமாக அந்தத் தொழிலைச் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பட்டணத்துக்கு வெளியே பெம்பானில் என் அத்தைக்கு மூன்று ஏக்கர் பால்மரம், அதாவது ரப்பர். மாமா காலமான பிறகு அத்தையே தினமும் போய்ப் பட்டையைக் கீறி மரம் வெட்டிப் பால் எடுத்தார். மரங்களுக்குப் பட்டை போய்விட்டது, அத்தைக்கு மூட்டு போய்விட்டது. கிழட்டு மரங்களை அறுத்துப் புதுக்கன்று நட அரசாங்கம் மறுநடவு உதவித்தொகை தருகிறது. கன்று வளரும்வரை கைச்செலவுக்கும் கொஞ்சம் உண்டு. அது கிடைத்தால் அத்தை வீட்டில் உட்காரலாம். மனுவோடு தோட்டத்துப் படங்களைச் சேர்க்க வேண்டும்.

"ஃபோன்ல நாலு படம் புடிச்சிக் குடுடா, போதும்" என்றார் அத்தை.

ஃபோனிலா? நானா? (என் திமிரைப் பாருங்கள்.) பெரிய கேமரா, மூன்று விளக்கு, குடை எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். கொசு என்னைப் பிய்த்துத் தின்றது. அத்தை பட்டையில் இருந்த புண்களைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

"இத நல்லா எடு. இதான் முக்கியம்."

"நீங்க சும்மா இருங்க அத்தை, நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டேன். கடைக்கு வந்து, மணப்பெண்ணின் முகப்பருவை எடுக்கிற அதே பழக்கத்தில், மரத்தின் புண்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். பழுத்த இலைக்குப் பச்சை ஏற்றினேன். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் அடியில் கிடந்தது, அதையும் விளிம்புவரை நிரப்பினேன். உறையில் போட்டு ஒட்டி நானே அலுவலகத்தில் கொடுத்தேன். (அத்தை படத்தைப் பார்க்கக் கேட்டார். "காசு வந்ததும் பாருங்க" என்றேன்.)

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. மரங்கள் நல்ல நிலையில் இருப்பதால் மனு நிராகரிக்கப்பட்டதாம். அடித்துப் பிடித்து ஓடினேன். அதிகாரி ஒரு மலாய்க்கார அம்மா. படங்களை மேசையில் பரப்பி, "சந்தேக்!" என்றார். அழகாம். இவ்வளவு அழகான தோட்டத்தை எதற்கு அறுக்கிறீர்கள் என்று நிஜமான வருத்தத்தோடு கேட்டார். நான் உண்மையைச் சொன்னதும் சிரித்துவிட்டார். பிறகு, இந்த வருடப் பணம் முடிந்துவிட்டது, அடுத்த வருடம் வாருங்கள் என்றார்.

அத்தை திட்டவில்லை. "விடுடா, ஒரு வருசம்தானே லா" என்றார்.

அந்த ஒரு வருடத்தில்தான், பால் எடுக்கப் போனவர் முந்தின நாள் மழையில் ஊறிய சரிவில் வழுக்கி விழுந்தார். அடுத்த முறை பணம் கிடைத்தது (படம் எடுத்தது அத்தையே, ஃபோனில்). இடது கால் மட்டும் பழையபடி ஆகவில்லை. இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன், இந்த இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டிப் போய்விடுவேன். நான் கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் அத்தை இன்று நன்றாக நடந்துகொண்டிருப்பார்.

போன மாதம் அத்தையின் பேத்திக்குக் காதுகுத்து. குடும்பப் படத்துக்கு எல்லாரையும் வரிசையாக நிறுத்தினேன். நடுவில் அத்தை, கைத்தடியோடு. நான் கேமராவில் கண்ணை வைத்ததும் ஒரு சத்தம் போட்டார்.

"டேய், தடிய அழிச்சிப்புடாத! ஊனமுற்றோர் காசுக்கு மனு போட்டிருக்கேன்!"

மண்டபமே சிரித்தது. எல்லாரையும்விட அத்தைதான் அதிகம் சிரித்தார். நானும் சிரித்தேன். படம் கொஞ்சம் ஆடிவிட்டது. திருத்தவில்லை, அப்படியே அச்சடித்துக் கொடுத்துவிட்டேன்.