குண்டு டயர் சைக்கிளுக்கு ஒரு பார்ட்டி

மத்தியானம் ஒன்றரை மணிக்கு எல்வினின் போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது.

"சைக்கிள் இன்னும் இருக்குதுங்களா? - சிவக்குமார், சேலம்."

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த எல்வின் எழுந்து உட்கார்ந்து இரண்டு தரம் படித்தான். விளம்பரம் போட்ட மூன்று மாதத்தில் முதல் தடவையாக ஒரு ஆள் கேட்கிறான்.

எஸ்டேட்டில் பதினெட்டு வருஷம் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவன் எல்வின். எஸ்டேட் கைமாறியதும் வந்த பணத்தில் நாலு குண்டு டயர் சைக்கிள் வாங்கி, ஏற்காடு ஏரிப் பக்கம் வாடகைக்கு விட்டான். முதல் சீசனில் அதில் உட்கார்ந்து போட்டோ எடுக்கவே கூட்டம் நின்றது. அடுத்த சீசனில் ரிசார்ட்டுக்கு ரிசார்ட் அதே சைக்கிள் வந்துவிட்டது. இவனிடம் எடுத்தவர்களோ இறக்கத்தில் குஷியாகப் போய், மேட்டில் ஏற முடியாமல் பாதி வழியிலிருந்து போன் போட்டார்கள். அவர்களையும் சைக்கிளையும் ஏற்றிவர ஜீப் வாடகை கொடுத்தே வருமானம் கரைந்தது.

கடைசியில் சைக்கிள்கள் வீட்டுப் பின்னால் தார்ப்பாய்க்குள் போயின. எல்வின் போர்வைக்குள் போனான். பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ராஜேஸ்வரிதான் போட்டோ பிடித்து, பழைய சாமான் விற்கும் ஆப் ஒன்றில் விளம்பரம் போட்டுக் கொடுத்தாள். மழைக்காலம் முழுக்க ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது சிவக்குமார் வந்துவிட்டார்.

பள்ளி ஹாஸ்டலில் சமையல் வேலை முடிந்து சாயங்காலம் வந்த லூர்துசெல்வி, வாசலிலேயே நின்றாள். புருஷன் முகச்சவரம் செய்து, சைக்கிள்களைக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"செல்வி, மார்க்கெட் திரும்புது. சேலத்துப் பார்ட்டி கேட்டிருக்காரு. ஒண்ணு பன்னெண்டாயிரம்னு சொன்னேன், ஒம்பதுன்னு கேக்கறாரு."

"சரி, மொதல்ல சாப்பிடுங்க," என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று அவன் இரண்டாம் தரம் சோறு வாங்கினான்.

மூன்றாம் நாள் பக்கத்து ஊர் வாழவந்தியிலிருந்து மாதேஷ் வந்தான். காப்பித் தோட்டக்காரன்.

"ஏனுங்க ரைட்டரே, சைக்கிளு இருக்குதுன்னாங்க. ஒண்ணு அஞ்சாயிரம்னு நாலையும் எடுத்துக்கறேனுங்க."

"ஓட்டறதுக்கா?"

"அந்தக் கனத்த எவன் ஓட்டறதுங்க? சக்கரத்த மட்டும் கழட்டி, காப்பி மூட்டைக்கு வண்டி கட்டலாம்னு. சேத்துல புதையாதுங்க."

எல்வினுக்கு முகம் சுண்டிவிட்டது. "என் சைக்கிள அறுக்கக் குடுக்க மாட்டேன். ஒம்பதாயிரத்துக்குப் பார்ட்டி இருக்குது."

மாதேஷ் தலை மறைந்ததும் லூர்துசெல்வி படபடத்தாள். "கையில காசோட வந்த ஆளுங்க. அவனுக்கே குடுத்துருங்க. அந்தச் சேலத்தாளு வாங்க மாட்டாரு."

"உனக்கெப்படித் தெரியும்?"

"போன்ல பேசச் சொன்னா, ஆபீஸ்ல பேச விட மாட்டாங்கன்னு எழுதறவரு என்னத்த வாங்குவாரு?"

"பெரிய எடத்துல அப்படித்தான்."

மறுநாள் மத்தியானம் சிவக்குமார் ஏழாயிரத்துக்கு இறங்கினார். எல்வின் உற்சாகமானான், வாங்கற ஆள்தான் பேரம் பேசுவான் என்றான். அதற்கடுத்த நாள் ஐந்து. அதற்கும் அடுத்த நாள், "நாலாயிரத்துக்கு மேல ஒரு ரூவா முடியாதுங்க" என்று வந்தது.

எல்வின் வீட்டுப் பின்னால் போய்ச் சைக்கிள்களை ஒரு தரம் பார்த்துவிட்டு வந்தான். பிறகு, "நாலுக்கே குடுக்கறேனுங்க. எப்ப வர்றீங்க?" என்று பதில் போட்டான்.

சாயங்காலம் வந்த லூர்துசெல்வி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அஞ்சு தர்றேன்ன மாதேசுக்குக் குடுக்காம, நாலுக்கு இவருக்கா? புத்தி கெட்டுப் போச்சுங்களா உங்களுக்கு?"

"மாதேஷ் அறுத்துப் போடுவான் செல்வி. இவரு ஓட்டுவாரு," என்றான் எல்வின். "எஸ்டேட் போனதுக்கப்பறம் தெனமும் எங்கிட்ட மதிச்சுப் பேசறது அந்த மனுஷன் ஒருத்தருதான்."

அவள் அடுப்படிக்குப் போனாள். வெங்காயம் உரிக்காமலே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அதன் பிறகு இரண்டு நாள் சிவக்குமாரிடமிருந்து பேச்சில்லை. மூன்றாம் நாள் பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. மேலே ஆறு குண்டு டயர் சைக்கிள் கட்டியிருந்தது. உள்ளே மாதேஷ்.

"ரிசார்ட்டுல தள்ளிவுட்டாங்க ரைட்டரே. ஒண்ணு ரெண்டாயிரம். உங்குளுதுக்கு இனிமே அந்த வெலைகூட வராதுங்க," என்றான். வருத்தமாகத்தான் சொன்னான்.

ஜீப் போய் வெகுநேரம் எல்வின் ரோட்டிலேயே நின்றான். தலைமுடியெல்லாம் பனி கோத்திருந்தது. ஒன்றரை மணிக்குப் போன் முனகியது.

"மன்னிக்கோணுங்க. எனக்கு சைக்கிள் வேண்டாங்க. நீங்க மனச உட்றாதீங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க. பனியில நிக்காதீங்க."

எல்வின் நேராக ஜெராக்ஸ் கடைக்கு நடந்தான். ராஜேஸ்வரி யாருடைய ஆதார் அட்டையையோ நகலெடுத்துக்கொண்டிருந்தாள்.

"விளம்பரத்த எடுத்துரு ராஜேஸ்வரி. சேலத்துப் பார்ட்டியும் வேண்டாம்னுட்டாரு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆனா நல்ல மனுஷன். முன்னப்பின்ன தெரியாதவரு, நான் சாப்பிடறதப் பத்திக்கூடக் கவலைப்படறாரு. நீயே பாரு," என்று போனை நீட்டினான்.

ராஜேஸ்வரி அதைப் படித்தாள். மெஷினை நிறுத்தினாள். தாள்களை அடுக்கி வைத்தாள்.

"அண்ணா, அப்ப அந்த சிவக்குமார் அக்கவுண்டையும் மூடிரட்டுங்களா? வெலை கேக்க ஒரு ஆளு இருந்தாத்தான் நீங்க கட்டில உட்டு எந்திரிப்பீங்கன்னு, செல்வியக்காதான் அவங்க போன்ல தொறந்து குடுக்கச் சொன்னாங்க."